தென்னந்தோப்பை மூடும் மஞ்சள் பூக்கொடி: அடையாளம் காண உதவுங்கள்

வணக்கம். நாகர்கோவில் அருகே எங்கள் தென்னந்தோப்பின் வாய்க்கால் ஓரத்தில் அழகுக்கென்று நட்ட மஞ்சள் பூக்கொடி ஒன்று, இரண்டே மழைக்காலத்தில் பாய் விரித்ததுபோல் தரையை மூடிவிட்டது. மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்து அம்மா கீரைக்குப் பறிக்கப் போனார். ஆனால் அதன் இலை பிளவின்றி நீண்டிருக்கும், இதன் இலையோ மூன்று மடலாகப் பிரிந்து பளபளப்பாக இருக்கிறது. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து, உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்ற வெடேலியாதான் இது என்று அஞ்சுகிறேன்.

மண்வெட்டியால் கொத்தினால் கணுவுக்குக் கணு வேர் இறங்கியிருக்கிறது. வரப்பில் எறிந்த துண்டுகள்கூட மழை பெய்ததும் துளிர்த்துவிட்டன. பக்கத்திலேயே குடிநீர்க் கிணறு இருப்பதால் களைக்கொல்லி தெளிக்க மனமில்லை. கறுப்பு பாலித்தீன் தாளால் மூடி இதை ஒழித்தவர்கள், எத்தனை மாதம் மூடினீர்கள், பிடுங்கிய கொடியை என்ன செய்தீர்கள் என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.