புதுப்பிப்பு: 30 அடி டிரெய்லருக்கு எந்த பிக்கப், முடிவெடுத்தாச்சு

டிரெய்லரிலேயே முழுநேரமும் வாழ்ந்தபடி அமெரிக்காவைச் சுற்ற அரை டன் பிக்கப் (முழு அளவு பிக்கப்களில் இலேசான ரகம்) போதுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "இழுவைத் திறனை விடுங்க, ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் பேலோடை, அதாவது வண்டி தன் மேல் சுமக்கக்கூடிய எடையைப் பாருங்க" என்ற யோசனைதான். டிரெய்லரின் உச்ச எடை 9,500 பவுண்டு, அதில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் (டிரெய்லரை வண்டியோடு பூட்டும் இணைப்பு) வழியாக வண்டியின் மேல் இறங்கும், அதாவது சுமார் 1,200 பவுண்டு. அப்புறம் நாங்கள் இருவர், கருவிகள், ஹிட்ச்சின் எடை எல்லாம் சேர்ந்தால் நான் பார்த்த அரை டன் வண்டியின் பேலோடான 1,500 பவுண்டைத் தாண்டிவிடுகிறது. அதனால் அடுத்த பெரிய ரகமான முக்கால் டன், அதுவும் பெட்ரோல். டீசல் எஞ்சின் கனம் என்பதால் அதே மாடலில் பேலோடு குறைவு. கடையில் யாரும் இதைச் சொல்லவில்லை.

எதிர்பாராதது தண்ணீர்த் தொட்டி. எங்கள் டிரெய்லரில் அது அச்சுக்குப் பின்னால் இருக்கிறது, நிரப்பினால் 400 பவுண்டு பின்னால் ஏறி, ஹிட்ச் எடை குறைந்து, நெடுஞ்சாலையில் டிரெய்லர் ஆடுகிறது. லாரி எடைமேடையில் நிறுத்தியதும் காரணம் புரிந்தது. இப்போது தொட்டியைக் காலியாக வைத்துக் கிளம்பி, தங்குமிடத்தில் நிரப்பிக்கொள்கிறோம்.