செண்பகனூர் திரு இருதயக் கல்லூரி: பள்ளி மலருக்கு விவரம் வேண்டும்

பெருமாள்மலை டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பள்ளி ஆண்டு மலரில் இந்தத் தடவை உள்ளூர் வரலாற்றுக்கு நாலு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள், கொடைக்கானல் பக்கத்திலுள்ள செண்பகனூர் திரு இருதயக் கல்லூரியைப் பற்றி எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பிள்ளைகளிடம் கேட்டால் "பாடம் பண்ணின மிருகம் எல்லாம் வச்சிருக்கிற மியூசியம் டீச்சர்" என்பதோடு முடிந்துவிடுகிறது. அவ்வளவு பெரிய கட்டடத்தில் யார் படித்தார்கள், என்ன படித்தார்கள்? வெள்ளைக்கார அரசாங்கம் கட்டியது என்று ஒருவர் சொன்னார், அது சரிதானா?

கொடை பழைய மாணவர்:
இல்லை டீச்சர், அரசாங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் (ஜெசூட்) பிரெஞ்சுச் சாமிமார் 1895-ல் தொடங்கிய குருமடம், அதாவது குருமாருக்கான பயிற்சிக் கல்லூரி அது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியை 1844-ல் நாகப்பட்டினத்தில் ஆரம்பித்து 1883-ல் திருச்சிக்குக் கொண்டு வந்தார்களே, அந்தச் சபையின் அதே மதுரை மிஷன்காரர்கள்தான். ஆனால் இங்கே வெளி மாணவர்கள் பி.ஏ. படிக்க வரவில்லை, சபையில் சேரும் இளைஞர்கள்தான் படித்தார்கள். முதலில் இரண்டு வருடம் நவதுறவு என்ற ஆரம்பப் பயிற்சி, அதில் சபையை நிறுவிய இஞ்ஞாசியார் வகுத்த முப்பது நாள் தியானம் உண்டு, பெரும்பகுதி மௌனம். அப்புறம் மொழிகள், தத்துவம். அந்தக் காலத்தில் தத்துவப் பாடத்துக்கு லத்தீன் இல்லாமல் ஆகாது. பிற்காலத்தில் தத்துவப் படிப்பு சென்னைக்கு, சத்ய நிலையம் என்ற சபையின் கல்லூரிக்குப் போய்விட்டது. ஒன்றை மறக்காமல் எழுதுங்கள்: 1895-ல் நம் மலைக்கு மோட்டார் ரோடு கிடையாது, பெரியகுளம் பக்கத்திலிருந்து தோப்பு வழியாக ஏறும் பழைய பாதைதான், நடந்தோ டோலியிலோதான் வர வேண்டும். அப்படிப்பட்ட காலத்தில் இங்கே இவ்வளவு பெரிய கட்டடம் எழும்பியிருக்கிறது.

சோலைக்காடு:
அக்கா, மியூசியத்தைப் பற்றி மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது அந்தச் சாமிமார் செய்ததில் ஒரு சின்னப் பகுதிதான், பெரிய பகுதி அவர்கள் மலையை நடந்து பார்த்து எழுதி வைத்தது. ஆங்கிலேட் சாமி (1873-1953) செடி செடியாகத் தேடிப் போய் வண்ணத்தில் வரைந்தார். அவரே நியூட்டன் சாமியோடு சேர்ந்து நம் மலையில் இருக்கும் கல்திட்டைகளை, அதாவது பழங்கால ஈமச் சின்னங்களை ஆராய்ந்தார், அந்த நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-ல் வெளியிட்டது. தாண்டிக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் ஆடு மேய்க்கும்போது ஏறி உட்காரும் கற்கள்தான் அவை, அதைச் சொன்னாலே வகுப்பில் நிமிர்ந்து உட்காருவார்கள். ஃபோரோ சாமி எடுத்துக்கொண்டது பாசி. மரத்திலும் பாறையிலும் ஒட்டியிருக்கும் பாசியை யார் குனிந்து பார்ப்பார்கள்? அவர் பார்த்து வகை பிரித்து, கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரின் பாசிகளைப் பற்றி 1961-ல் கட்டுரை வெளியிட்டார். இந்த வழியில் வந்தவர்தான் கே.எம். மேத்யூ சாமி. திருச்சி செயின்ட் ஜோசப்பில் 1967-ல் ராபினாட் உலர்தாவரக் காப்பகத்தைத் தொடங்கியவர், பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1999-ல் வந்தது. சோலைக் காடுகளை அழித்து வாட்டில், யூகலிப்டஸ் என்ற வெளிநாட்டு மரங்களை நட்ட மலை இது. எந்தச் செடி எங்கே இருந்தது என்று இன்றைக்குத் தேடுகிறவர்களுக்கு இவர்கள் எழுதியதுதான் ஆதாரம். எனக்கு இதுதான் அந்தக் கல்லூரியின் உண்மையான மரபாகத் தெரிகிறது.

ஏட்டுச்சுவடி:
மேலே யாரும் ஆவணக் காப்பகத்தைச் சொல்லவில்லையே. சேசு சபையின் மதுரை மாநிலம் என்ற நிர்வாகப் பிரிவின் ஆவணக் காப்பகம் செண்பகனூரில்தான் இருக்கிறது, தமிழக வரலாறு ஆராய்கிறவர்கள் தேடி வரும் இடம். 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவப் போதகர் ராபர்ட் தெ நொபிலி காலத்திலிருந்தே சாமிமார் வருடா வருடம் ஐரோப்பாவுக்குக் கடிதம் எழுதுவார்கள். போர், பஞ்சம், நாயக்கர் அரண்மனைச் சண்டை, எல்லாம் அதில் வரும். சத்தியநாத ஐயர் 1924-ல் வெளியிட்ட மதுரை நாயக்கர் வரலாற்றுக்கு அந்தக் கடிதங்கள் பெரிய துணை. மதம் மாற்ற வந்தவர்களின் பார்வை அதில் இருக்கும், அதைக் கழித்துவிட்டுப் படிக்க வேண்டும், ஆனாலும் அந்தக் காலத்துச் சாதாரண ஜனங்களைப் பற்றி இவ்வளவு விவரம் வேறு எங்கே கிடைக்கும்?

பெருமாள்மலை டீச்சர்:
ரொம்ப நன்றி, நாலு பக்கம் போதாது போலிருக்கிறது. மியூசியத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறேன். காப்பகத்தையும் காட்டுவார்களா?

ஏட்டுச்சுவடி:
அது ஆராய்ச்சிக்கான இடம், கூட்டமாகப் போக முடியாது. பள்ளி லெட்டர்ஹெட்டில் முன்கூட்டியே கடிதம் எழுதி, என்ன பார்க்க வேண்டும் என்று தெளிவாகக் குறிப்பிட்டு நீங்கள் மட்டும் கேட்டுப் பாருங்கள்.

சோலைக்காடு:
பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள் அக்கா. செண்பகனூரிலும் வில்பட்டியிலும் வயதானவர்களிடம் போய், சாமிமாரோடு காட்டுக்குள் வழிகாட்டியாகவோ சுமை தூக்கவோ போனவர்கள் அவர்கள் வீட்டில் யாராவது உண்டா என்று கேட்டு வரச் சொல்லுங்கள். சாமிமார் பெயர் புத்தகத்தில் இருக்கிறது, கூடப் போன நம் ஆட்கள் பெயர் உங்கள் மலரிலாவது வரட்டும்.