ஜெர்க்: திடுக்கமா, வெடுக்கமா?

> முடுக்கம் (வேகம் மாறும் வீதம்) மாறும் வீதமான ‘ஜெர்க்’குக்குத் ‘திடுக்கம்’ போதுமே. இன்னொரு சொல் எதற்கு?

வணக்கம். திடுக்கிடுவது மனம், நமக்கு வேண்டியது இயக்கத்தின் பெயர். ‘குலுக்கம்’ என்ற சொல்லும் பொருந்தாது, அது முன்னும் பின்னும் பலமுறை ஆடுவது. ஜெர்க் ஒரே ஒரு தடவை வந்துவிட்டும் போகலாம்.

கார் நிற்கும் கணத்தைப் பாருங்கள். மணிக்கு 36 கி.மீ., அதாவது விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகிறது. ஒரே சீராக பிரேக் பிடித்து 4 விநாடியில் நிறுத்துகிறோம். எதிர்முடுக்கம் 2.5 மீ/வி². காரின் நிறை 1,200 கிலோ என்றால் தடுக்கும் விசை 3,000 நியூட்டன். இந்த 4 விநாடியும் தலை முன்னே சாயப் பார்க்கும். கழுத்துத் தசை இழுத்துப் பிடித்துச் சமாளித்துவிடும். சக்கரம் நின்றதும் அந்த 2.5 பட்டென்று சுழியாகிறது. தசையோ இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. தலை வெடுக்கென்று பின்னால் போகிறது! இந்த மாற்றம் 0.1 விநாடியில் நடந்தால் ஜெர்க் 25 மீ/வி³. கைதேர்ந்த ஓட்டுநர் நிற்பதற்குச் சற்று முன்பே பெடலை மெல்லத் தளர்த்துவார். அதே இறக்கம் 1 விநாடிக்குப் பரவினால் ஜெர்க் வெறும் 2.5 மீ/வி³ தான்.

> சார்பு வேகத்தின் (பார்ப்பவரைப் பொறுத்து மாறும் வேகம்) கீழேயே இதையும் சேர்த்துவிடலாமே?

வேண்டாம். பக்கத்துத் தடத்தில் மாறாமல் 10 மீ/வி வேகத்தில் நேராகப் போகிறவருக்கு, நம் கார் முதலில் அசையாமல் இருந்து பிறகு பின்னோக்கி ஓடத் தொடங்குகிறது. சாலையோரம் நிற்பவருக்கு ஓடிய கார் நிற்கிறது. வேகத்தில் இருவருக்கும் ஒத்துப்போகாது. முடுக்கம், விசை, ஜெர்க் மூன்றிலும் ஒரே விடைதான் வரும். (பார்ப்பவரின் காரே வேகம் மாறினால் கணக்கு வேறு.)

ஆகவே என் பரிந்துரை ‘வெடுக்கம்’. ‘வெடுக்கென்று பிடுங்கினான்’ என்று எல்லோரும் பேசுவதுதான். முடுக்கத்துக்கு அடுத்த படி என்பதும் ஓசையிலேயே தெரிகிறது. ‘வெடுவெடுப்பு’ நினைவுக்கு வந்து சிலர் முகம் சுளிக்கலாம், பரவாயில்லை. மின்தூக்கி, ரயில் வடிவமைப்பில் பயணிகளின் வசதிக்காக இதற்கு ஓர் எல்லை வைப்பார்கள். அதை ‘வெடுக்க வரம்பு’ எனலாம். ‘திடுக்க வரம்பு’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், பேய்ப்படத் தணிக்கை மாதிரி இல்லையா?

பட்டறையில் ‘வண்டி ஜெர்க் அடிக்குது’ என்பது அப்படியே இருக்கட்டும். நான் கேட்பது பாடநூலுக்கு.