காப்பிக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று: தினமும் மலை தாண்டுகிறவர்களின் அனுபவம்

செங்கோட்டையிலிருந்து

எட்டு வருடமாகக் காலையில் செங்கோட்டையில் பஸ் ஏறிப் புனலூர் போகிறேன். மரக்கடையில் கணக்கு எழுதும் வேலை. புளியரை எஸ் வளைவு, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை என்று மலையைச் சுற்றிப் போவதால் ஐம்பது கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. வீட்டில் ஐந்தரை மணிக்குப் போடும் காப்பியில் பாதியை எடுத்துப்போய் ஒன்பது மணிக்குக் கடையில் உட்கார்ந்து குடிப்பேன். புனலூரில் அருமையான சாயா கிடைக்கும். ஆனால் நம் வீட்டு ஃபில்டர் காப்பியின் ருசி நாக்கில் ஏறிவிட்டால் விடுவதில்லை. அதனால் இதுவரை சூடு தாங்கும் குவளை, பாட்டில் என்று ஐந்து வாங்கியிருக்கிறேன். தேறியவை இரண்டு. புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

முதலில் வாங்கியது கைப்பிடி வைத்த, வாய் அகன்ற குவளை. மூடியில் ஒரு சின்னத் தள்ளு. தள்ளினால் குடிக்கும் துளை திறக்கும். கையில் பிடிக்க அவ்வளவு சுகம். வாங்கிய இரண்டாவது வாரம் எஸ் வளைவில் பஸ் திரும்பியபோது மடியிலிருந்த பை சரிந்தது. தள்ளு தானாக நகர்ந்து, காப்பி முழுவதும் ஒரு மாதப் பில் கட்டின் மேல் இறங்கிவிட்டது. முதலாளி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பக்கங்களைத் திரும்ப எழுத எனக்கு இரண்டு ராத்திரி பிடித்தது. தள்ளு மூடி தளும்பாமல் இருப்பதற்காகச் செய்தது, கவிழ்ந்தால் தாங்குவதற்காக அல்ல என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. மேசையிலும் காரிலும் வைத்துக் குடிக்க அது நல்ல சாமான். பையில் போட்டு மலை ஏறுவதற்கு ஆகாது.

அப்புறம் கொஞ்சம் பொறுமையாகச் சோதித்துப் பார்த்தேன். மதினி பலகாரம் செய்ய வைத்திருக்கும் சமையல் தெர்மாமீட்டரை வாங்கிவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் குவளையிலும் அரை லிட்டர் திருகு மூடி பாட்டிலிலும் ஒரே நேரத்தில் கொதிநீர் ஊற்றி வைத்தேன். நான்கு மணி நேரம் கழித்துக் குவளையில் 53 டிகிரி இருந்தது. பாட்டிலில் ஆறு மணி நேரம் கழித்தும் 71. இரண்டும் ஒரே மாதிரி இரட்டைச் சுவர் எஃகுதான்.

வித்தியாசம் வருவது வாயிலும் மூடியிலும். இரண்டு சுவர்களுக்கு நடுவே காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவதால் பக்கவாட்டில் சூடு கடக்க வழி இல்லை. கதிராகப் போகும் சூட்டையும் தடுக்க, நல்ல பாட்டில்களில் உள்சுவரின் வெளிப்பக்கம் செம்புப் பூச்சு கொடுத்திருப்பார்கள். 1892-இல் ஜேம்ஸ் டிவார் ஆய்வுக்கூடத்துக்காகச் செய்த கண்ணாடிக் குடுவையின் தத்துவம்தான் இது. நம் வீடுகளில் ஆஸ்பத்திரிக்குப் பால் கொண்டுபோன ஈகிள் ஃபிளாஸ்க்கும் அதே வழி. உள்ளே கண்ணாடி உடைந்தால் ரீஃபில் வாங்கிப் போடுவோமே, அது. இன்றைக்கும் சுவர் நன்றாகவே வேலை செய்கிறது. மூடியில்தான் வெற்றிடம் கிடையாது, வெறும் பிளாஸ்டிக். வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு சூடு மேலே போகும். அதனால் கடைக்குப் போனால் உடம்பைத் தட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு முதலில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். மரை எத்தனை சுற்று இருக்கிறது, வாஷர் கையால் கழற்ற வருகிறதா, குடிக்கும் இடம் மூடியிருக்கிறதா, இந்த மூன்றும் போதும்.

பெட்டியில் 12 மணி நேரம், 24 மணி நேரம் என்று போட்டிருப்பதை நம்பி நான் இரண்டு முறை ஏமாந்தேன். அது கொதிநீரை நிறைய ஊற்றி, ஒருமுறைகூடத் திறக்காமல் வைத்துப் பார்க்கிற கணக்கு. நாம் ஊற்றுவது ஆற்றிய காப்பி, அதுவும் பாதி அளவு. அரை லிட்டர் பாட்டிலில் கால் லிட்டர் காப்பி ஊற்றினால், சூட்டைத் தின்னும் சுவரும் மூடியும் அதேதான், காப்பி மட்டும் பாதி; சீக்கிரம் ஆறிவிடும். இப்போது என்னிடம் இருப்பது 350 மில்லி. கழுத்து வரை காப்பி நிற்கும். ஊற்றுவதற்கு முன் வெந்நீர் விட்டு ஐந்து நிமிடம் மூடி வைத்துக் கொட்டிவிட்டால் எஃகு சூட்டைக் குடிக்காது.

சூடு ரொம்ப நின்றாலும் தொல்லை உண்டு. புது பாட்டில் வாங்கிய அன்று கொதிக்கக் கொதிக்க ஊற்றிப்போய், ஒன்பது மணிக்கு வாய் வைத்து நாக்கு வெந்துபோனது. 65 டிகிரிக்கு மேல் சூடான பானத்தைக் குடிக்கும் பழக்கம் அநேகமாகப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது. அதைப் படித்த பிறகு நான் மூடியை டம்ளராக வைத்திருக்கும் பாட்டில்தான் பார்க்கிறேன். அதில் ஊற்றி, ஆற்றி, அப்புறம் குடிக்கலாம். டபரா டம்ளர் பழக்கம் உள்ளவர்களுக்கு இதுவே ஒத்துவரும்.

பால் காப்பியை மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பாலில் கிருமி வளரும். மதியத்துக்கு வேண்டும் என்றால் கருப்பட்டிக் காப்பி கொண்டுபோவேன். பால் இல்லாததால் சாயங்காலம் வரை கெடாது.

கம்பத்திலிருந்து

அண்ணாச்சி சொல்வது பஸ்ஸுக்குச் சரி. எங்கள் ஜீப்புக்கு இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். நான் பதினாறு வருடமாக ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறேன். கம்பத்தில் விடியும் முன்னே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு தாண்டி இடுக்கிப் பக்கம் போய், காய் எடுத்துவிட்டு இருட்டும் நேரத்துக்குத் திரும்புவோம். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்பதை இங்கே சொல்ல வேண்டாம். தூக்குவாளி, பாட்டில் எல்லாம் காலுக்கடியில் உருண்டுகொண்டே வரும். அதில் தட்டினால் திறக்கும் மூடி, அமுக்கு மூடி எதுவும் நிற்காது. என் மகள் ஆசையாக வாங்கித் தந்த பாட்டிலின் அமுக்கு மூடியில் மேல் கொண்டி முதல் மாதமே உடைந்தது. பாட்டில் நன்றாக இருக்கிறது, மூடி தனியாகக் கிடைக்கவில்லை. அதை இப்போது அரிசி அளக்க வைத்திருக்கிறேன்.

இன்னொரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. ஏலத்துக்கு மருந்து அடிப்பார்கள். அடித்த மறுநாளும் செடியில் கை பட்டால் கையில் ஒட்டும். அதே கையால் பாட்டிலைத் திறந்து, வாய் வைக்கும் இடத்தைத் தொட்டுக் குடித்தால் வயிற்றுக்குள் என்ன போகும் என்று யோசித்துப் பாருங்கள். உறிஞ்சுகுழாய் வெளியே தெரியும் பாட்டில் தோட்டத்துக்கு வேண்டவே வேண்டாம். குடிக்கும் வாயை முழுவதுமாக மூடி மறைக்கிற மாதிரி பெரிய மூடி வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் திறக்க வேண்டும். எங்கள் குழுவில் இப்போது எல்லோரும் அப்படித்தான்.

மேலே சாரல் பிடித்துவிட்டால் கைவிரல் விறைக்கும். பத்து மணிக்கு ஒரு மூடி கட்டஞ்சாயா, அதாவது பால் விடாத டீ, சூடாக உள்ளே போனால்தான் அடுத்த நிரைக்குக் கால் நகரும். அதற்காகவே எண்ணூறு ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கினேன். நாலு வருடம் ஆகிவிட்டது. நாலு பக்கமும் சொட்டை, பெயிண்ட் எல்லாம் போய்விட்டது, சூடு மட்டும் குறையவில்லை.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

எங்களுக்குச் சூடு பிரச்சினையே வேறு. பாலக்காட்டுக் கணவாயில் மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. நான் தமிழ் வழி வகுப்பு ஆசிரியை. நாள் முழுக்கப் பேச வேண்டும், தொண்டைக்குத் தண்ணீர் வேண்டும். காலையில் பானைத் தண்ணீரை முக்கால் லிட்டர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனால் கடைசி மணி வரை அதே குளிர்ச்சி. ஐஸ் போடுவதில்லை, தேவையும் இல்லை.

முதலில் ஒரே பாட்டிலில் ஒருநாள் காப்பி, ஒருநாள் தண்ணீர் என்று மாற்றி மாற்றி வைத்தேன். எவ்வளவு தேய்த்தாலும் தண்ணீரில் காப்பி வாடை. எஃகில் வாடை ஏறாது, வாஷரில்தான் ஏறுகிறது என்று பிறகு கண்டுபிடித்தேன். வாஷரைக் கழற்றி ஆப்ப சோடா கரைத்த வெந்நீரில் ஒரு ராத்திரி போட்டால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் காப்பிக்கும் தண்ணீருக்கும் தனித்தனி வைத்துக்கொள்வதுதான் நிம்மதி. இங்கே ஓட்டல்களில் பதிமுகம் என்ற சாயமரச் சீவல் போட்ட வெந்நீர் கொடுப்பார்களே, அதையும் சிலநாள் பிடித்து வைத்துக்கொள்வேன். வெள்ளை வாஷர் இளஞ்சிவப்பாக மாறிவிட்டது. அதனால் கெடுதல் எதுவும் இல்லை.

தண்ணீர் பாட்டிலில் என் குறை அதன் வாய்தான். நமக்கு அண்ணாந்து குடிக்கிற பழக்கம். வாய் அகலமாக இருந்தால் புடவையெல்லாம் நனைகிறது. எச்சில் படாமல் நாலு பேர் பகிர்ந்து குடிக்க வேண்டும் என்றால், இரண்டு விரல் அகலத்துக்கு மேல் வாய் இல்லாததைப் பாருங்கள். கழுவுவதற்கு நீளக் காம்புள்ள பிரஷ் ஒன்று கூடவே வாங்கிவிட வேண்டும்.

வெற்றிடம் போய்விட்டதா என்று பார்க்க ஒரு வழி. குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் கழித்துப் பாட்டிலின் வெளிப்பக்கத்தைத் தடவுங்கள். வேர்த்திருந்தால் போய்விட்டது. கொதிநீர் ஊற்றி வெளியே சுட்டாலும் அதேதான். கீழே விழுந்து அடிப்பாகத்தில் அடிபட்டால் இப்படி ஆகும். அதைச் சரிசெய்ய வழி இல்லை.

நகரியிலிருந்து

நான் விசைத்தறிக்காரன். ஒரே ஒரு எச்சரிக்கை சொல்கிறேன். வெயிலுக்காக மோரை இந்தப் பாட்டிலில் ஊற்றி, இறுக்கித் திருகித் தறிக்கொட்டகையில் வைத்தேன். மதியம் மறந்துபோய், சாயங்காலம் திறந்தேன். மூடி பட்டென்று தெறித்துக் கன்னத்தில் அடித்தது, மோர் கூரை வரை போனது. உள்ளே புளித்து வாயு சேர்ந்திருக்கிறது. கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என் வீட்டுக்காரி இன்றைக்கும் சொல்வாள். மோர், தயிர், சோடா எதையும் இறுக்க மூடும் பாட்டிலில் வைக்காதீர்கள். மோருக்குப் பழைய தூக்குவாளிதான்.

செங்கோட்டையிலிருந்து

கம்பத்து அக்கா சொன்ன மருந்து விஷயம் என் புத்திக்கு எட்டவே இல்லை. மரக்கடையிலும் தூள் பறக்கிறது. நானும் இனி குடிக்கும் வாய் மூடியிருப்பதைத்தான் வாங்குவேன். டீச்சர் சொன்ன வேர்வைச் சோதனையை நேற்றே செய்தேன். நான் தேறியதாகச் சொன்ன இரண்டில் ஒன்று வேர்த்துவிட்டது. போன மாதம் ஆரியங்காவில் பஸ் படியிலிருந்து விழுந்தது அதுதான்.

எஃகு பற்றித் தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். அடியிலோ பெட்டியிலோ 304 அல்லது 18/8 என்று இருக்கும்: 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். காப்பிக்கும் தண்ணீருக்கும் அது தாராளம். 316 என்று போட்டு விலை கூட்டி விற்பது உப்புக்கு இன்னும் தாங்கும், நமக்கு அவசியம் இல்லை. 201 என்று இருந்தால் எடுக்காதீர்கள். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்தது, துருப்புள்ளி சீக்கிரம் வரும். சூடு தாங்கும் பாட்டில்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரை வேண்டும் என்று மத்திய அரசு 2023-இல் ஆணை போட்டிருக்கிறது. அந்த முத்திரையையும் பாருங்கள். எதைப் போட்டிருந்தாலும் கழுவியபின் மூடியைத் திறந்தே கவிழ்த்து வையுங்கள். அடியில் வெள்ளையாக உப்புப் படிந்தால் எலுமிச்சைச் சாறு விட்ட வெந்நீரை ஒரு மணி நேரம் ஊற்றிவைத்தால் விட்டுவிடும். பிளீச்சிங் மட்டும் வேண்டாம்.

மாற்று வாஷர் தனியாகக் கிடைக்கும் கம்பெனியா என்று கடைக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. தென்காசியில் குக்கர் வாஷர் விற்கும் கடையில் கேட்டேன். அளவு எதுவும் பொருந்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் போகிறேன். காப்பிக்கு 350 மில்லி, மூடியே டம்ளராக இருப்பது; தண்ணீருக்கு முக்கால் லிட்டர், வாய் குறுகியது. தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்துக் குலுக்கிப் பார்க்கவிடும் கடையில்தான் வாங்குவேன்.