சமையலறைச் சுவரில் மூன்று மணி

உக்ரைனின் உஜ்ஹோரோத் நகரில் மருத்துவம் படித்த நம் பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு. நானும் அங்கேதான் படித்தேன். 2018 கோடை விடுமுறையில் வகுப்புத் தோழன் ஒருவன் என்னைத் தன் பாட்டி வீட்டுக்கு அழைத்துப் போனான். ஊர் சொலோட்வினோ. கார்பாத்திய மலைகளுக்கு நடுவே, டிஸா ஆற்றங்கரையில் இருக்கிறது. அக்கரையில் ருமேனியாவின் சிகெட் நகரம் கண்ணுக்கெதிரே தெரியும்.

வீட்டுக்குள் நுழைந்தபோது என் செல்போனில் மணி நான்கு, சமையலறைச் சுவரில் மூன்று. கடிகாரம் நின்றுபோயிருக்கும் என்று நினைத்தேன். இல்லை, முள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. "அது நம்ம நேரம், உன்னுடையது கீவ் நேரம்" என்றான் தோழன். உஜ்ஹோரோதிலும் யாராவது நேரம் சொன்னால் "எந்த நேரம்?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஆனால் ஒரு வீட்டுச் சுவரிலேயே அதைப் பார்த்தது அன்றுதான். ஹங்கேரி காலத்திலும் செக்கோஸ்லோவாகியா காலத்திலும் இங்கே மத்திய ஐரோப்பிய நேரம். சோவியத் வந்து மாஸ்கோ நேரத்தைக் கொண்டுவந்தது, பிறகு அது கீவ் நேரமானது. அலுவலகங்கள் மாறின, பல வீடுகள் மாறவில்லை.

பாட்டிக்கு அப்போது 84 வயது. மக்காச்சோள மாவுக் களியைக் கிளறி, மேலே ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியை உதிர்த்துப் போட்டுக் கொடுத்தார். வீட்டில் ருமேனிய மொழி, பக்கத்து வீட்டாரோடு ஹங்கேரிய மொழி, என்னோடு ரஷ்ய மொழி. "நீங்கள் எந்த நாட்டில் பிறந்தீர்கள், பாட்டி?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஒரு தகர பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார்.

முதலில் செக் எழுத்தில் பிறப்புச் சான்றிதழ், 1934. அடுத்தது ஹங்கேரியப் பள்ளியின் மதிப்பெண் பட்டியல். அதில் குடும்பப் பெயர் முன்னால் வந்திருந்தது. அப்புறம் சோவியத் வேலைப் புத்தகம், உப்புச் சுரங்கத்தின் முத்திரையோடு. அதில் நடுவே அப்பா பெயரும் நுழைந்திருந்தது. எங்களுக்கும் அப்பா பெயர்தான் இனிஷியல் என்று சொன்னதும் பாட்டிக்கு ஒரே மகிழ்ச்சி, என் அப்பா பெயரை இரண்டு முறை உரக்கச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் உக்ரைன் ஓய்வூதிய அட்டை. அத்தனையும் ஒரே ஊரில் இருந்த ஒரே மனுஷிக்கு.

"என் அப்பா மாராமரோஷில் பிறந்தார். அது போதும்" என்றார். மாராமரோஷ் என்பது பழைய ஹங்கேரி அரசின் மாவட்டம். தலைநகர் சிகெட். டிஸாவின் இரு கரையும் அதற்குள்தான் இருந்தன. 1910இல் மூன்றரை லட்சம் பேர் வாழ்ந்தார்கள்: ஸ்லாவிய இனத்தவரான ருத்தேனியர், ருமேனியர், ஹங்கேரியர், இத்திஷ் பேசிய யூதர். முதல் உலகப் போருக்குப் பின் ஹங்கேரியைத் துண்டாக்கிய 1920 டிரியானான் ஒப்பந்தத்தோடு ஆறு எல்லையாகிவிட்டது. வடக்கு செக்கோஸ்லோவாகியாவுக்கு, தெற்கு ருமேனியாவுக்கு. சொலோட்வினோவின் உப்புச் சுரங்கம் ஒரு நாட்டில், மாவட்டத் தலைநகரம் இன்னொரு நாட்டில்.

1939இல் வடகரையையும் 1940இல் தென்கரையையும் ஹங்கேரி மீண்டும் பிடித்தது. இரு கரையும் மறுபடி ஒன்றாக இருந்த அந்தச் சில ஆண்டுகளில்தான் பாட்டியின் அக்காவுக்கு சிகெட்டில் கல்யாணமானது. 1944 மே மாதம் இரு கரை யூதர்களும் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். எழுத்தாளர் எலீ வீசல் அப்படி சிகெட்டிலிருந்து ரயிலேற்றப்பட்டவர்தான். "என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணும் போனாள்" என்றார் பாட்டி. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

1945இல் வடகரை சோவியத்துக்குப் போனது. பாலம் போரிலேயே போய்விட்டது. அக்கா அக்கரையில், தங்கை இக்கரையில். அம்மா இறந்தபோது அக்காவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. சவ ஊர்வலத்தை ஆற்றோரச் சாலையில் கொஞ்ச நேரம் நிறுத்தினார்களாம். அக்கரையில் கறுப்புத் துணி கட்டிய ஒரு உருவம் நின்றது. ஏதோ கத்தியது. தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. "இன்றைக்கும் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது" என்றார். பாலம் 2007இல்தான் மறுபடி திறந்தது. அதற்குள் அக்கா இல்லை.

மறுநாள் பாட்டி கொடுத்த பிளம் ஜாம் பாட்டில்களை எடுத்துக்கொண்டு, அக்கா மகள் வீட்டுக்கு நாங்கள் இருவரும் நடந்தே போனோம். மரப்பலகை பாவிய பாலம். கார் ஒன்று கடந்தால் பலகைகள் காலடியில் தடதடக்கும். இரண்டு பக்கமும் கடவுச்சீட்டுச் சோதனையில் நின்ற நேரத்தோடு ஒப்பிட்டால், பாலத்தை நடந்து கடந்த நேரம் ஒன்றுமே இல்லை. ஆற்றின் அகலம் அவ்வளவுதான். நடுவில் நின்று அந்த ஆற்றோரச் சாலையைத் தேடிப் பார்த்தேன்.

சிகெட்டில் அந்த அம்மா எங்களை உட்காரவைத்த கையோடு, நாங்கள் வந்து சேர்ந்துவிட்டதைச் சொல்லப் பாட்டிக்கு போன் போட்டார். ருமேனியாவும் உக்ரைனும் ஒரே நேரத்தில்தான் ஓடுகின்றன. ஆனாலும் அவர் முதலில் கேட்டது, "அங்கே மணி என்ன, சித்தி?"