நாபே (மேசையிலேயே கொதிக்கவைத்து உண்ணும் ஜப்பானியப் பானை உணவு) பாதியிலேயே நீர்த்துப் போகிறது. சைவ நண்பர் ஒருவரும் வருகிறார் – ஆலோசனை தேவை

கேள்வி (ஒசாகாக்காரன்):
வணக்கம். ஒசாகாவில் பணிபுரியும் நாங்கள் சிலர், குளிர்காலத்தில் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, மேசை நடுவே கேசட் அடுப்பை (சிறு எரிவாயுக் குப்பியில் எரியும் கையடக்க அடுப்பு) வைத்து நாபே சமைத்து உண்பது வழக்கம். முதலில் சுவையாக இருக்கும் சாறு, இரண்டாம் முறை காய்களைப் போட்டதும் சப்பென்று ஆகிவிடுகிறது. கலங்கலாகவும் சற்றே வழவழப்பாகவும் இருக்கிறது. கொம்பு என்னும் உலர்ந்த கடற்பாசியைக் கடைசிவரை பானையிலேயே விட்டுவிடுகிறோம். ஹகுசாய் கோஸ், டோஃபு, எனோகி காளான், கோழி ஆகிய எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் போட்டு மூடுகிறோம். வரும் சனிக்கிழமை மீன்கூட உண்ணாத நண்பர் ஒருவர் வருகிறார். அவரை மட்டும் தனிப் பானையோடு உட்கார வைக்க மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில் (கியோத்தோவாசி):
வழவழப்புக்குக் காரணம் கொம்புதான். ஒரு லிட்டர் நீருக்குச் சுமார் 10 கிராம் என்ற அளவில் போட்டு, அரை மணி நேரமாவது ஊறவைத்து, மெல்லிய தீயில் சூடாக்கி, அடியில் சிறு குமிழிகள் எழும்போதே வெளியே எடுத்துவிடுங்கள். நீர்த்துப் போவதற்குக் காரணம் ஹகுசாய். அதில் ஏறத்தாழ 95 சதவீதம் நீர்தான். எனவே சாற்றைத் தொடக்கத்திலேயே சற்றுத் தூக்கலாக வைத்துக்கொண்டு, கோஸின் தடித்த வெள்ளைத் தண்டை முதலிலும் இலைப்பகுதியை உண்பதற்குச் சற்று முன்பும் போடுங்கள். நீண்ட நேரம் கொதித்தால் டோஃபுவில் துளைகள் விழுந்து இறுகிவிடும் என்பதால், அது சூடேறியதும் எடுத்துவிட வேண்டும். கோழியை முன்னதாகவே வெந்நீரில் ஒருமுறை முக்கி எடுத்தால் கலங்கல் குறையும். மிச்ச நுரையைக் கரண்டியால் அள்ளிவிடலாம். ஹகாதா பகுதியின் கோழி நாபேயான மிசுதாகியில் வெண்மையாகக் கலங்கிய சாற்றையே விரும்பி உண்பவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கலங்கல் வேறு, உங்களுடையது வேறு.

நண்பருக்காக, சாற்றில் வழக்கமாகச் சேர்க்கும் சூரை மீன் சீவலை விட்டுவிட்டு, கொம்போடு உலர்ந்த ஷீதாகே காளானை ஊறவைத்த நீரைச் சேருங்கள். புத்த மடாலயச் சமையலில் இந்த இணைதான் மீனின் இடத்தை நிரப்புகிறது. கொம்பில் உள்ள குளூட்டமேட்டும் காளானில் உள்ள குவானிலேட்டும் ஆகிய சுவைப் பொருள்கள் சேரும்போது, தனித்தனியே இருப்பதைவிடச் சுவை பல மடங்கு கூடுகிறது. காய்களை முதலில் அனைவரும் உண்டுவிட்டு, அதன்பின் கோழியைப் போட்டால் ஒரே பானை போதும்.

பதில் (சபை நடுவே சமையல்காரி):
கடைசி யோசனையை மட்டும் நான் ஏற்கமாட்டேன். எல்லாச் சுவையும் இறங்கிய சாற்றில் இறுதியாக உடோன் நூடுல்ஸையோ சோற்றையோ போட்டு உண்பதுதான் நாபேயின் உச்சம். கோழி விழுந்துவிட்டால் அந்த நேரத்தில் நண்பர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க நேரிடும். பொதுப் பானையைக் கடைசிவரை சைவமாகவே வைத்துக்கொண்டு, கோழியைச் சமையலறையில் தனியாகச் சுட்டுத் தட்டில் வையுங்கள். அதை எடுக்கும் குச்சிகள் பானைக்குள் போகாதிருக்க, பானைக்கென நீண்ட குச்சிகளையும் கரண்டியையும் தனியே வைப்பது நல்லது.

தொட்டுக்கொள்ளும் சாற்றிலும் கவனம் தேவை. கடைகளில் கிடைக்கும் பொன்சு (புளிப்புப் பழச்சாறும் சோயா சாஸும் கலந்த சாறு) பலவற்றில் மீன் சாறு கலந்திருக்கும். எள்ளுச் சாற்றிலும் அப்படியே இருக்கலாம். சோயா சாஸில் யூசு அல்லது சுதாச்சிப் பழச்சாற்றைப் பிழிந்து நீங்களே செய்துகொள்வதுதான் பாதுகாப்பு. சிக்குவா, கமபோகோ ஆகிய இரண்டும் மீன் விழுதால் ஆனவை.

கேள்வி (ஒசாகாக்காரன்):
மிக்க நன்றி. கோழியைத் தனியே சுட்டுவிடுகிறோம். புதிதாக மண்பானை ஒன்றும் வாங்கியிருக்கிறேன். நீர் ஊற்றி வைத்தால் அடியில் ஈரம் கசிகிறது. மாற்றித் தரச் சொல்ல வேண்டுமா?

பதில் (கியோத்தோவாசி):
விரிசல் இல்லையென்றால் அவசியமில்லை. நுண்துளைகள் உள்ள மண்ணுக்கு அது இயல்பு. நிறைய நீருடன் சோற்றைப் போட்டு மெல்லிய தீயில் கஞ்சியாகக் காய்ச்சி, பானையிலேயே முழுவதும் ஆறவிட்டுக் கழுவுங்கள். மாச்சத்து துளைகளை அடைத்துவிடும். அடிப்பகுதி ஈரமாக இருக்கும்போது அடுப்பில் ஏற்றினாலும், வெறும் பானையாகச் சூடாக்கினாலும் விரிசல் விடக்கூடும். சாதாரண மண்பானை மின்காந்த (இண்டக்‌ஷன்) அடுப்பில் சூடாகாது. ஆகவே உங்கள் கேசட் அடுப்புதான் சரி.

பதில் (சபை நடுவே சமையல்காரி):
வெள்ளிக்கிழமைக்குள் கஞ்சியைக் காய்ச்சிவிட்டால், பானை நன்றாக உலர ஒரு நாள் கிடைக்கும். இறுதியில் சோற்றைப் போடுவதாக இருந்தால், முட்டையை உடைத்து ஊற்றுவதற்கு முன் நண்பர் முட்டை உண்பாரா என்று கேட்டுவிடுங்கள்.