டொராண்டோவில் ஹிஜாப் அணிபவருக்கு பஸ்ஸிலும் வேலையிலும் சீண்டல்: எதை எங்கே கொண்டுபோவது?

நூருல்_ஐன்:
அஸ்ஸலாமு அலைக்கும். புதிதாக டொராண்டோ வரும் நம் பெண்களுக்கு ஒரு குறிப்பு தயாராகிறது. பஸ்ஸில் ஹிஜாபை இழுப்பது, "உன் நாட்டுக்குப் போ" என்பது, வேர்ஹவுஸில் தொழ விடாதது, இவற்றுக்கு யாரிடம் போவது? "பொறுத்துப் போ" என்ற அறிவுரை வேண்டாம், அது ஏற்கெனவே தாராளமாகக் கிடைக்கிறது.

ஸ்கார்பரோவாசி:
வ அலைக்கும் ஸலாம் சகோதரி. துணியைப் பிடித்து இழுத்தாலே கனடாவின் குற்றவியல் சட்டப்படி தாக்குதல்தான், காயம் பட்டிருக்க வேண்டியதில்லை. ஆபத்து என்றால் 911. ஆள் போய்விட்டால் போலீஸின் அவசரமல்லாத எண் 416-808-2222. வெறும் வசைச்சொல் பெரும்பாலும் வழக்காகாது, மிரட்டினால் வழக்காகும். இரண்டையும் பதிந்து, பதிவெண்ணை வாங்கி வையுங்கள். "மத வெறுப்பால் செய்தான்" என்று வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். பலர் அதை விட்டுவிடுவதால் சாதாரணத் தள்ளுமுள்ளாகப் பதிவாகிவிடுகிறது. வெறுப்பு நிரூபணமானால் தண்டனை கூடும்.

வண்டியின் நான்கு இலக்க எண்ணையும் நேரத்தையும் உடனே குறியுங்கள். கேமரா பதிவு நெடுநாள் இருக்காது. இரவு 9 முதல் காலை 5 வரை டிடிசி (நகரப் போக்குவரத்து நிறுவனம்) பஸ்ஸில் தனியாகப் போகிறவர் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவிலும் இறங்கலாம். ஒரு நிறுத்தம் முன்னதாக டிரைவரிடம் சொல்லி, முன்கதவால் இறங்க வேண்டும்.

மார்க்கம்_ஹெச்ஆர்:
வேலை விஷயத்துக்கு ஒன்டாரியோ மனித உரிமைச் சட்டம். கடைசியாக நடந்த நாளிலிருந்து 1 வருடத்துக்குள் மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் இல்லை. மனித உரிமை சட்ட உதவி மையத்தின் ஆலோசனையும் இலவசம்.

ஆனால் ஆதாரம் முதல் நாளிலிருந்தே சேர வேண்டும். "அவமானப்படுத்தினார்" என்று எழுதாதீர்கள். "செவ்வாய் 2:15, பேக்கிங் லைன், சூப்பர்வைசர் சொன்னது இது" என்று அவர் வாயில் வந்த சொல்லையே எழுதுங்கள், அருகில் நின்றவர் பெயரோடு. நீங்களும் பேசும் உரையாடலை ரெக்கார்ட் செய்வது இங்கே குற்றமல்ல. மற்றவர்கள் பேசுவதை ஒளித்து வைத்துப் பதிவது குற்றம்.

தொழுகைக்கு: 5 மணி நேர வேலைக்குள் 30 நிமிட உணவு இடைவேளை உண்டு. இரு தரப்பும் சம்மதித்தால் அதை இரண்டாகப் பிரிக்கலாம். டிசம்பரில் சூரியன் 4:40 வாக்கில் மறைவதால் ளுஹர் (நண்பகல்), அஸர் (பிற்பகல்), மஃரிப் (சூரியன் மறைந்ததும்) தொழுகைகள் மூன்றும் ஒரே ஷிப்ட்டில் விழும். கோடையில் ஓகே சொன்ன சூப்பர்வைசர் குளிர்காலத்தில் முகம் சுளிப்பது இதனால்தான். நவம்பரிலேயே நேர அட்டவணையோடு ஈமெயில் அனுப்பிவிடுங்கள்.

சல்மா_தையல்:
மெஷின் பக்கம் "ஹிஜாப் ஆபத்து" என்றால் அதில் நியாயமும் இருக்கும், சண்டை வேண்டாம். தொங்கும் நுனிதான் பிரச்சினை. ஜெர்சி துணியில் தலையோடு ஒட்டும் ஹிஜாப் போட்டு நுனியைச் சட்டைக்குள் சொருகுங்கள். நீள ஊசிக்குப் பதில் காந்தப் பின்: யாராவது இழுத்தால் விட்டுக்கொடுக்கும், கழுத்தை இறுக்காது, கீறாது. உள்ளே தொப்பி இருந்தால் முடியும் வெளியே தெரியாது. அப்படியும் மறுத்தால், வேறு வழியே இல்லையா என்று எழுத்தில் கேளுங்கள்.

நூருல்_ஐன்:
ஜஸாக்கல்லாஹு கைரன். இடைவேளையைப் பிரிக்க வாய்ச்சொல் போதுமா? வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் போகிறவர்கள் என்ன செய்வது?

மார்க்கம்_ஹெச்ஆர்:
சட்டத்துக்கு வாய்ச்சொல் போதும். சூப்பர்வைசர் மாறினால் அது காற்றோடு போய்விடும், அதனால் எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்சி ஆள் என்றால் ஒரே ஈமெயிலை ஏஜென்சிக்கும் வேர்ஹவுஸுக்கும் சேர்த்தே அனுப்புங்கள். இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டியே மாதங்களை ஓட்டுவார்கள், அந்த 1 வருடமும் ஓடிக்கொண்டிருக்கும்.